மிச்சக் கல்லு விழாத இலக்கம்

கொழும்புத்துறைக் கடற்கரையில் உப்புக்காற்று இன்றுவரை அரிக்காத மதில் கட்டினேன். பாறையை உடைத்து நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். கையால் அச்சிலை அடிச்சுச் சீமெந்துக் கல் அரியத் தொடங்கி, மூன்று மெசின் ஓடும் கல்லு வாடி போட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை. அதன்ரை முன்மதில் முழுக்க என்ரை கல்லு.

இதெல்லாவற்றையும் விட நான் கட்டினதில் பெரிது ஒரு இலக்கம். சிரியுங்கோ. பிறகு பிரிச்சுப் பாருங்கோ: 27720.

போன வருசம் அந்தப் பள்ளிக்கூட மதிலில் ஒரு அதிசய இலக்கம் எழுதப் பழைய மாணவர் சங்கம் முடிவெடுத்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எதனால் பிரித்தாலும் மிச்சம் வராத ஆகச் சின்ன இலக்கம். சங்கச் செயலாளர் என்ரை மருமகன். போனும் கையுமாய் வாடிக்கு வந்தார்.

"மாமா, பன்னிரண்டையும் பெருக்கிப்போட்டன். நாற்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சத்துச் சொச்சம்!"

"கூட அரிஞ்சுபோட்டீர் மருமோன். அவ்வளவு கல்லுக்கு இந்த நாட்டிலை மணல் இல்லை."

"உது கணிதம் மாமா, கல்லில்லை."

"மிச்சம் விழக்கூடாதெண்டால் அது கல்லுத்தான்."

மிஞ்சின கல்லு காலில் தடக்கி உடையும். அதனால் மிச்சம் விழாமல் அடுக்குவதே என்ரை வேலை. அவருக்குச் சொன்னேன்: பன்னிரண்டு கல்லை ஒரு வரிசை வையும். இரண்டு, மூன்று, நாலு, ஆறு அதுக்குள்ளேயே இருக்கு. அதுகளுக்கு ஏன் திரும்பப் பெருக்கவேணும்? ஐந்துக்காக ஐந்து வரிசை, அறுபது. பத்தும் வந்திட்டுது. ஏழுக்காக ஏழு மடங்கு, 420. எட்டுக்கு இரட்டித்தால் போதும், நாலு ஏற்கெனவே உள்ளே நிற்குது: 840. ஒன்பதுக்கு ஒரு மூன்று இருக்கு, இன்னொரு மூன்று: 2520. பதினொன்று ஒருத்தரோடும் ஒட்டாத ஆள். அதுக்கு முழுசாய்ப் பதினொரு மடங்கு: 27720.

மருமகன் போனில் பன்னிரண்டு தரம் பிரித்தார். ஒரு தரமும் மிச்சம் விழவில்லை.

பள்ளிக்கூடத்துக் கணித ரீச்சர் வந்து பார்த்தா. "ஐயா, இதிலும் சின்னன் கிடையாது. பதினாலாலையும் பதினைஞ்சாலையும் கூடப் பிரியுது."

"அது சும்மா தாறது, ரீச்சர்."

பதின்மூன்றாய் அடுக்கினால் நாலு கல்லு மிஞ்சும். அதையும் ஒளிக்கமாட்டேன்.

இலக்கத்தை ஆளுயரத்துக்கு எழுதினார்கள். எங்கடை ஊரில் கோயில் ரியூப்லைட்டிலேயே 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைக்கிற சனம், இதை விடுமா? கீழே: 'உபயம்: பழைய மாணவர் சங்கம்.'

"பெயின்ற் சங்கத்தின்ரை காசு, மாமா" என்றார் மருமகன்.

ஓம், பெயின்ற் அவையின்ரை. இலக்கம் ஆரின்ரை?

என்ரை பெயர் வேண்டாம். அந்த வரிக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'இலக்கம் கண்டது: இந்த மதிலுக்குக் கல் அரிந்தவர்' என்று எழுதவேணும். இடம் இருக்கு, அளந்துபோட்டன்.