ஒருத்திக்குப் போதுமான பிரெட் மெஷின்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் பிரெட் வேன் ஓட்டியவர். கல்யாணமான மறு வருடம் போனவர், விடுமுறைக்கு வந்து வந்து போனதைத் தவிர, எங்கள் மகள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேரும்வரை அங்கேயே இருந்தார். விடியுமுன் பேக்கரியில் வண்டியை நிறைத்துக்கொண்டு கிளம்பி, ஊர் எழுவதற்குள் கடை கடையாக இறக்கிவிட வேண்டும். கம்பெனி கைமாறியதும் பழைய டிரைவர்களை அனுப்பிவிட்டார்கள். இவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேலகரம் வந்து சேர்ந்தார்.

வந்தவருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கடையநல்லூரில் கூட்டுக் குடும்பத்தில் ஒரே அறையில் வாழ்க்கையைத் தொடங்கிய எங்களுக்கு இப்போது மேலகரத்தில் சொந்த வீடு. நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆனாலும் அவருக்கு விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். தொழுதுவிட்டு வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் போய் நிற்பார். எடுத்துக்கொண்டு கிளம்ப வண்டி இல்லை. அங்கே இருக்கிற கூட்டாளி ஒருவர், வேறொரு கம்பெனியில் ஆள் கேட்டதும் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். இவர் அந்த போனுக்காகக் காத்திருந்தார். அது வந்துவிடக் கூடாதே என்று நான் இருந்தேன்.

'போகாதீங்க' என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா என்று கேட்கலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகளையே அடக்குகிற வாய்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் வெளிநாடு கிளம்புகிற ஆம்பளையை யாரும் அப்படிச் சொல்லி வழக்கமில்லை. முறுக்கு சுட்டு, மிளகாய்ப்பொடி திரித்து, ஊறுகாயை இறுக மூடி, பெட்டியில் வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். எங்கள் வீட்டுச் சுவரும் மகளின் படிப்பும் அப்படி வந்தவைதான். அதனால் 'இனி நான் போகலை' என்று அவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

இதற்கிடையில் காலையில் அவருக்கு பிரெட் வேண்டும். மேலகரம், தென்காசி, குற்றாலம் என்று எல்லாக் கடையிலும் வாங்கிப் பார்த்தார். ஒரு துண்டை எடுப்பார், அமுக்குவார், மோந்து பார்ப்பார், "இதுல சீனிதான் இருக்கு, மாவைக் காணோம்" என்று வைத்துவிடுவார். நான் பஞ்சு மாதிரி இட்லி ஊற்றி வைத்தால், "நல்லாத்தான் இருக்கு" என்பார். நல்லாத்தான் இருக்கு என்று ஒரு ஆம்பளை சொன்னால் அந்த இட்லியை என்ன செய்யலாம் என்று பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்கு அந்த பிரெட்டின் மேல் பொறாமையே வந்துவிட்டது. இத்தனை வருடம் என் ஆளை வைத்துக்கொண்டது போதாது என்று, வீட்டுக்கு வந்த பிறகும் விட மாட்டேன் என்கிறதே.

மகள்தான் போனில் வழி சொன்னாள். "பேசாம ஒரு பிரெட் மெஷின் வாங்கிருங்கம்மா. மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் எல்லாத்தையும் உள்ள போட்டு பட்டனை அமுக்குனா, அதுவே பிசைஞ்சு, பொங்க வச்சு, சுட்டும் தந்துரும்."

"கிரைண்டரோட தந்த, மாவு பிசையுற கை சும்மாதான் கிடக்கு. அது போதும்லா?" என்றேன்.

"அது பிசையும். சுடுறது யாரு?" என்றார் இவர், பின்னாலிருந்து. அவர் குரலில் அப்படியொரு உற்சாகத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. 

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பெண் பார்க்கிற படலம்தான். மகள் அனுப்பிய வீடியோக்களை எல்லாம் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இவர் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நொட்டை சொன்னார். ஒன்றில் பிரெட் நெட்டுக்குத்தலாக நின்றது, "இதை எப்படி வெட்டி அடுக்க?" என்றார். இன்னொன்றில் பிசைகிற தகடு அடியில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டு வந்தது. எல்லா மெஷினிலும் அந்த ஓட்டை விழத்தான் செய்யும், சுடுவதற்கு முன் தகட்டை உருவிவிட்டால் சின்னதாக விழும் என்று மகள் விளக்கியபிறகுதான் அடங்கினார். கண்ணாடி வைத்த மூடி வேண்டும் என்பது மகளின் கட்சி. சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதோடு, பெரிய மெஷினாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாரல் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, ஸ்கூட்டரில் தென்காசி போனோம். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று விற்கிற கடை. கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு மெஷினை இறக்கித் தூசி தட்டினார். 

"இது சின்னது அண்ணாச்சி. அரைக்கிலோ பிரெட் வரும். ஒரு கிலோ வாரதும் இருக்கு, ஆனா மதுரையில இருந்து வரவழைக்கணும். ஒரு வாரம் பத்து நாள் ஆகும்."

இவர் சின்ன மெஷினைத் திறந்தார், உள்ளே இருந்த பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார், தகட்டை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுவே எடுத்துக்கிடுவோம். பின்னால ஒருத்திக்குன்னா இதுவே அதிகம்" என்றார்.

ஒருத்திக்கு! அப்படியானால் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போவதென்று முடிவே பண்ணிவிட்டார். வேண்டுமென்றே சொல்லவில்லை, தெரியும். காய்கறி விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார், அதுதான் சுட்டது. கடைக்காரர் முன்னால் என்ன பேச? "சரி, எடுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த மெஷினை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் நிறுத்தி, "சூடா பஜ்ஜி போடுதான், திங்கியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் பஜ்ஜியை வேண்டாம் என்றால் விஷயம் பெரிது என்று அவருக்கும் தெரியும். ஆனால் என்ன விஷயம் என்று தெரியாமல் இரண்டு பஜ்ஜியை வாங்கி, தானே தின்றார். வீட்டுக்கு வந்ததும் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல பெட்டி, கிடக்கட்டும்" என்று பரணில் ஏற்றினார். எங்கள் வீடுகளில் நல்ல பெட்டியை எந்தப் பயணத்துக்கு எடுத்து வைப்பார்கள் என்று எனக்கா தெரியாது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோபத்தோடு சமையல்கட்டில் நுழையக் கூடாது, நுழைந்தேன். மகள் அனுப்பிய அளவு பெரிய மெஷினுக்கான அளவு. அது தெரிந்தே இருந்தது. அரைக்கிலோவுக்கு மாவை அளக்கக் கை வரவில்லை. கொஞ்சம்தானே கூட, அமுங்கிக்கொள்ளும் என்று போட்டேன். அதோடு விட்டேனா? சாரல் காலத்தில் இட்லி மாவு லேசில் புளிக்காது, வெந்நீர் தெளித்துப் போர்த்திக் கிடத்த வேண்டும். அந்த நினைப்பில் தண்ணீரையும் வெதுவெதுப்பாக ஊற்றி, ஈஸ்ட்டையும் ஒரு சிட்டிகை கூட்டினேன். பட்டனை அமுக்கியதும் மெஷின் கடகடவென்று பிசைய ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூடியின் கண்ணாடி வழியே பார்த்தால் மாவு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. எனக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மாவு பொங்கினால் சந்தோஷப்படாத பெண் எங்கள் ஊரில் உண்டா? மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிற மாவுதானே நல்ல மாவு. சுவருக்கு அந்தப்பக்கம், அடுத்த வீட்டில் இருக்கிற அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 

அக்கா குனிந்து பார்த்து மோவாயில் கை வைத்தாள். "ஏட்டி, மொத தடவையே இப்படிப் பொங்குதே! ஒன் கை ராசியான கைதான்."

இருவரும் அந்தக் கண்ணாடியில் முகத்தை வைத்து ரசித்துக்கொண்டிருந்தோம். மாவு கண்ணாடியைத் தொட்டது, பரவியது, பிறகு கண்ணாடியே தெரியவில்லை. அப்போதும் இரண்டு பேரில் ஒருத்திக்கும் இது தப்பு என்று படவில்லை. டக் என்று ஒரு சத்தத்தோடு மெஷின் சுட ஆரம்பித்தது. அடியில் வழிந்திருந்த மாவு சூட்டுக்கம்பியில் பட்டு, புகை கிளம்பி, அக்கா "யாத்தீ" என்று கத்தினாள். குளித்துக்கொண்டிருந்த இவர் தலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். அக்கா அவரைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பி நின்றபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

"கணக்கு டீச்சர் வீட்டுல அளவு தப்பிட்டாக்கும்?" என்றார் இவர். நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை.

அவர் தலையை அலசிவிட்டு வந்து, ஆறிய மெஷினைத் துடைத்தார். வழிந்ததைச் சுரண்டிப் போட்டார், மிச்சத்தைத் திரும்பச் சுட வைத்தார். வெளியே வந்தது பிரெட்டா காளானா என்று சொல்ல முடியாது. தலை பெருத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் அதைக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "வெந்திருக்கு" என்று பிய்த்தார். ஆவி வந்தது. வாயில் போட்டவர் மெல்லவே இல்லை, அப்படியே நின்றார்.

"என்ன, உப்பு கூடிட்டா?"

"இல்லட்டி. சூடா இருக்கு." மென்று விழுங்கிவிட்டு, "நான் சூடான பிரெட்டே தின்னதில்லை. ஆறுன பிறகுதானே வண்டியில ஏத்துவான். நானும் மிஞ்சுனதை எடுத்து மத்தியானத்துக்கு மேலதான் திம்பேன்" என்றார். 

இத்தனை வருடம் பிரெட்டுக்குள்ளேயே இருந்த மனிதர்! எனக்கு அந்தக் காளானை அப்படியே அவர் கையில் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது. அக்கா வீட்டுக்கும் ஒரு தட்டில் பாதி போனது. வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று அவள் அதில் மாங்காய்ப் பச்சடி வைத்து அனுப்பினாள். பிரெட்டுக்கு அது அவ்வளவு பொருந்தும் என்று எந்த நாட்டுக்காரனுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து விடியற்காலை அவர் வாசலில் நிற்பதில்லை. சமையல்கட்டில் மாவை எடை போட்டுக்கொண்டு நின்றார். நான் எழும்போது வீடே மணத்தது. ஒரு நாள் கோதுமை, ஒரு நாள் எள், ஒரு நாள் கருப்பட்டி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனால் என் டப்பாவுக்கு எனக்கே பங்கு கிடைக்கவில்லை. ஆனாலும் அவருடைய போன் அடிக்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு யார் என்று காது கொடுத்தேன். பரணில் அந்தப் பெட்டி அப்படியேதான் இருந்தது.

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்றதும், கடையநல்லூரிலிருந்து அவர் தங்கை குடும்பம் வேனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஐந்தருவிக்குப் போவதாகப் பேச்சு. அவர் முந்தின நாளே ஆரம்பித்து, அந்தச் சின்ன மெஷினை ஓய விடாமல் சுட்டுச் சுட்டு அடுக்கினார். நான் முட்டை மசாலா செய்தேன். அருவியில் நின்று நடுங்கிக்கொண்டு வந்தவர்களின் பசியைச் சொல்ல வேண்டுமா? ஈரத்துணியோடு வேன் பக்கத்தில் நின்றபடியே பிய்த்துத் தின்றார்கள். 

"அண்ணன் இத்தனை நாளா இந்த வித்தையை எங்கன ஒளிச்சு வச்சிருந்தாரு மதினி?" என்றாள் அவர் தங்கை, வாய் நிறைய வைத்துக்கொண்டு. இவர் பங்குக்கு வரும்போது டப்பாவில் தூள்தான் கிடந்தது. அந்த வெறும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை, எங்கள் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கடைகளைத் தாண்டித் தூரமாகப் போனார். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. தலையை ஆட்டினார், கையை அசைத்தார், ரொம்ப நேரம் பேசினார். நான் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். பிழிந்ததையே திரும்பப் பிழிந்திருக்கிறேன். இந்தத் தடவை மிளகாய்ப்பொடி திரிக்க மாட்டேன், கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

திரும்பி வந்தவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். டப்பாவில் கிடந்த தூளை உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடைக்காரர் பெருசு வரவழைச்சுத் தாரேன்னாருல்லா?" என்றார். "சின்னது பத்த மாட்டேங்குது."

கையிலிருந்த துணியை உதறி வேன் ஜன்னலில் போட்டேன். "ஒரு வாரம் பத்து நாள் ஆகும்னாரே" என்றேன்.

"ஆகட்டும். நான் இங்கனதானே இருக்கப்போறேன்."