காகித வலம்புரி

பசை காய்ச்சுவதில் என்னை மிஞ்ச அன்றைக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆள் கிடையாது. மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கை விடாமல் கிண்ட வேண்டும். அவசரக்காரர்கள் கொதிக்கிற தண்ணீரை மாவில் ஊற்றுவார்கள். கட்டி தட்டிப் போகும். இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் கரப்பான் கிட்டே வராது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற என் மருமகள், "மாமா, கல்யாணக் கத சொல்லுகேன்னுல்லா உக்காந்திய?" என்கிறாள். பசையில்லாமல் அந்தக் கல்யாணம் ஏது?

என் தங்கையின் கல்யாணத்தைச் சொல்கிறேன். நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் தராசு பிடித்தார். அவர் போன பிறகு வீட்டில் அம்மையும் நானும் தங்கையும்தான். வலியசாலைக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். காலையில் கோயில் மணி எங்கள் அடுக்களைக்குள்ளேயே அடிப்பது போலக் கேட்கும்.

நான் ஓர் அச்சாபீசில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கு அச்சாபீசில் என்ன வேலை என்று கேட்பார்கள். காகிதத்தைப் பற்றித் தெரிந்தால் போதாதா? எந்தத் தாளையும் விரலால் தடவி நார் எந்த வாக்கில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். நார் ஓடும் வாக்கில் மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். குறுக்கே மடித்தால் வெடித்துப் போகும். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சளும் ரோஸும் வெட்டுகிறபோது ஓரத்தில் விழும் கீற்றுகளை வீட்டுக்கு எடுத்துப் போக முதலாளி சம்மதித்திருந்தார். அதில் தாமரை செய்வேன், கிளி செய்வேன், காற்றில் சுற்றுகிற குடை செய்வேன். தையல்காரர் வேண்டாமென்று போட்ட ஒரு கத்தரி, மடிப்பை நீவ உடைந்த எருமைக்கொம்புச் சீப்பின் முதுகு, பசை தொட ஓர் ஈர்க்குச்சி, இவைதான் ஆயுதம். தங்கையும் கூட உட்காருவாள். வளைவு வெட்டுவதில் அவள் கை என் கையைவிடச் சுத்தம். கத்தரியை நகர்த்த மாட்டாள், காகிதத்தைத்தான் சுற்றுவாள்.

அவளுக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து வரன் வந்தது. அந்த வீட்டுப் பூஜையறையில் ஒரு வலம்புரிச் சங்கு இருந்தது. சங்கு வீடு என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். விழிஞ்ஞம் கடற்கரையில் கிடைக்கிற சங்கெல்லாம் இடம்புரி. சுழி வலப்பக்கமாகத் திரும்புகிற சங்கு லட்சத்தில் ஒன்று என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் அத்தை வந்தாள். தாயில்லாப் பையனை வளர்த்தவள். அவள் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் சொல் கிடையாது.

வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "பையன் எங்க சோலி பாக்கான்?"

"அச்சாபீசுல. காயிதம் வெட்டுகான்" என்றாள் அம்மை.

"ஓகோ! அப்போ பந்தலும் காயிதந்தானோ? ஒட்டி விட்டுருவியளோ?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தைக்கு அது போதவில்லை.

"மழ பேஞ்சாலும் கொள்ளாம் கேட்டியளா. மைதாப் பசதானே? கஞ்சி வச்சுச் சம்பந்தி வீட்டுக்கெல்லாம் விளம்பிரலாம்."

மறுபடியும் சிரிப்பு. அம்மையும் சிரிக்க வேண்டியதாயிற்று. நான் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள்.

அவர்கள் போன பிறகு கேட்டாள். "அண்ணே, இந்தச் சிரிப்ப நான் அந்த வீட்டுல ஆயுசு பூரா கேக்கணுமா?"

கேட்கத்தான் வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு முதல் நாள் விழுகிற பெயர்தான் கடைசி வரைக்கும். வாடகைப் பந்தல், பூ, பெட்ரோமாக்ஸ் என்று அவர்கள் கண் நிறைய வைக்க நம்மால் முடியாது. மற்ற வீட்டார் செய்வதில் பாதியைச் செய்தால், அந்தப் பாதிதான் எல்லார் கண்ணிலும் படும்.

மறுநாள் காலையில் தங்கையிடம் சொன்னேன். "காயிதப் பந்தல்னு அவ வாயாலயே சொல்லியாச்சுல்லா? காயிதப் பந்தலே போட்டுருவோம். அவ வீட்டுச் சங்கையே போடுவோம்."

"பரிகாசமா ஆயிராதா?"

"ஆவும், நல்லா வரலேன்னா."

ஓலைப் பந்தலுக்கு உள்ளே வெள்ளை வேட்டி விரித்துக் கட்டி, மணவறையைச் சுற்றிலும் சங்கு வரிசை. அதுதான் என் எண்ணம். தட்டையான சங்கு இல்லை. சுழியை மடித்து மடித்து முன்பக்கம் புடைத்து நிற்கிற சங்கு. ஒவ்வொன்றையும் கையால் வரைந்தால் ஒன்று மத்தளம் போல இருக்கும், ஒன்று கத்தரிக்காய் போல இருக்கும். அத்தனையும் ஒரே அச்சாக வர வேண்டுமென்றால் அச்சிலேயே அடித்துவிட வேண்டும். முழுக்கோடு வெட்டுவதற்கு, புள்ளிக்கோடு மடிப்பதற்கு. இந்த யோசனை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்றைக்கு என் கொள்ளுப்பேரன் கம்ப்யூட்டரிலிருந்து அப்படி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறான், முழுக்கோடும் புள்ளிக்கோடுமாக. இதை நான் எப்போதோ செய்தாயிற்று என்றால் நம்ப மாட்டேன் என்கிறான்.

எங்கள் அச்சாபீசுக்கு மரக்கட்டையில் படம் கொத்தித் தருகிற ஓர் ஆசாரி உண்டு. மலையாளி, தமிழும் பேசுவார். அவரிடம் போனேன்.

"சங்கா? வலம்புரியாணோ?"

"வலம்புரிதான் ஆசாரியாரே. கட்டையில மாத்திக் கொத்தணும், அப்பத்தான்..."

"எடே, எனக்குப் படிப்பிக்க வேண்டா. கட்டையில இடம்புரி, காகிதத்தில வலம்புரி. நான் உன் பிராயத்தில கொத்தித் தொடங்கியதா."

பலா மரத்தில் கொத்தித் தந்தார். கூலி கேட்டதற்கு, "பெண்ணின்றெ கல்யாணமல்லே, போ போ" என்று துரத்திவிட்டார். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் முதலாளி மிதிமிஷினை எனக்கு விட்டுத் தந்தார். முதல் தாள் வந்ததும் மிஷின்காரர் பார்த்தார், எழுத்துக் கோப்பவர் பார்த்தார், ஆசாரியும் வந்து பார்த்தார். தாளைத் தூக்கிப் பிடித்துச் சுழியோடு விரலை ஓட்டி, "வலம்புரி" என்றார்கள். நாளெல்லாம் எழுத்தைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் பார்த்துப் பழகிய கண்கள். அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்புறம் எங்கள் வீட்டில் கத்தரிச் சத்தம்தான். நான் வெட்ட, தங்கை வளைவு சீராக்க, அம்மை மடிப்பு நீவ, நான் பசை தொட்டு ஒட்ட. கறுப்பு மைக்கோடு வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும். அதனால் அச்சுப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்தோம். வெளிப்பக்கம் பால் மாதிரி வெள்ளை. பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி வந்து பார்த்து, "நிஜச் சங்கு தோத்துடும் போலன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன். வேட்டியின் வெள்ளையில் சங்குகளின் நிழல் விழுந்து, மணவறையே கடல் மாதிரி இருந்தது. தங்கையைக் கூப்பிட்டேன். மருதாணி வைத்துச் சிவந்த கையை ஆட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சிரித்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கி அந்தரத்தில் சுற்றினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணே. இது இடம்புரியால்லா இருக்கு."

"போடி. நாலு பேரு பாத்த சங்கு."

"நாலு பேரும் அச்சைப் பாத்திருக்காவ. நாம அச்ச உள்ளால வச்சு மடிச்சோம்."

கட்டையிலிருந்து காகிதத்துக்கு வரும்போது ஒரு தரம் திரும்பும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் காவல் இருந்தோம். காகிதத்தைப் புரட்டினால் இன்னொரு தரம் திரும்பும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. அச்சாபீசுக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. வலம்புரிச் சங்கு வைத்துக் கும்பிடுகிற வீட்டாரை வரிசையாக இடம்புரிச் சங்கைக் கட்டி வரவேற்கப் போகிறோம். அத்தை கஞ்சியோடு விடுவாளா?

"எல்லாத்தையும் அவுத்துப் போட்டுருவோம்" என்றேன். "வெறும் வேட்டி போதும்."

"வேற காயிதம் கெடையாதா?"

"அச்சாபீசு பூட்டிக் கெடக்கு. முதலாளி கொல்லம் போயிருக்காரு."

அவள் ஒரு சங்கைக் கழற்றினாள். ஒட்டின இடத்தை மெதுவாகப் பிரித்தாள். மடிப்பை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மடித்தாள். நார் பார்த்து வெட்டிய காகிதமாகையால் வெடிக்கவில்லை, சொன்னபடி கேட்டது. அச்சு வெளியே வந்தது. வலம்புரி. ஆனால் சுழி முழுக்கக் கறுப்புப் புள்ளி, எறும்பு ஊர்வது போல.

"பாக்கச் சகிக்கல" என்றேன்.

"உங்ககிட்ட ஒரு மூக்குப்பொடி டப்பாவில தங்கப்பொடி உண்டும்லா?"

உண்டு. கல்யாணப் பத்திரிகையில் எழுத்து மின்னுவதற்கு ஈர மையின் மேல் தூவுகிற பொடி. மேசையைத் துடைக்கும்போது மிஞ்சுவதைச் சேர்த்து வைத்திருந்தேன், எதற்கென்றே தெரியாமல். டப்பாவைக் கொண்டுவந்தேன். அவள் ஈர்க்குச்சியைப் பசையில் தொட்டுப் புள்ளிக்கோட்டின் மேலேயே ஒரே இழுப்பாக இழுத்தாள். பொடியைத் தூவி, ஊதினாள். கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் பொன் கம்பி சுற்றிக்கொண்டு போயிற்று. நிஜச் சங்குக்குப் பொன் பூண் கட்டுவார்களே, அது மாதிரி.

அம்மை சொன்னாள்: "கல்யாணப் பொண்ணு இன்னைக்குப் பச தொடப்பிடாதுட்டீ!"

"இப்பத் தொடலேன்னா நாளைக்கு அழணும் அம்மா" என்றாள் அவள்.

விளக்கு வைப்பதற்குள் அத்தனையும் திருப்பி மடித்து, பொன் கோடு போட்டு, மறுபடி கட்டிவிட்டோம். முதலில் நான் கட்டிய வெள்ளைச் சங்குகளைவிட இது பத்து மடங்கு நன்றாக இருந்தது. நான் ஒளிக்கப் பார்த்த கோடுதான் இப்போது அழகு. இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். இப்போதும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்; மருமகள் சிரிக்கிறாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அத்தை நுழைந்தாள். மேலே பார்த்தாள். மணவறைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிந்து, பெண்ணுக்கு வளையல் போடத் தங்கையின் கையைப் பிடித்தவள், விரலைத் திருப்பிப் பார்த்தாள். எத்தனை தேய்த்தும் போகாத தங்கப்பொடி நகக்கண்ணில் இருந்தது.

"என்னட்டீ இது, பொன்ன அரைச்சுக் குடிச்சியா?"

"சங்குக்குப் பொன் கோடு போட்டேன் அத்த."

"எந்தச் சங்குக்கு?"

தங்கை கண்ணால் மேலே காட்டினாள். அத்தை எழுந்தாள். கையை உயர்த்தி, ஒரு சங்கின் பொன் கோட்டோடு விரலை ஓட்டினாள், தொடக்கத்திலிருந்து உள்சுழி வரை.

"வலம்புரி" என்றாள். பிறகு விரலால் சுண்டிப் பார்த்தாள். "இது... காயிதமா?"

"காயிதந்தான் அத்த" என்றேன் நான். "மழ பேஞ்சா கஞ்சி வச்சுரலாம்."

பந்தலே சிரித்தது. அத்தை என்னை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். "வாய் உண்டும் இவனுக்கு! இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தே?"

போகும்போது, ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். நசுங்காமல் இருக்க வடசேரி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாளாம்; தங்கை பிறகு சொன்னாள்.

அந்த ஆண்டு மாம்பழக் காலத்தில் தங்கையைப் பார்க்க வடசேரிக்குப் போனேன். பூஜையறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளித் தட்டில் நிஜச் சங்கு. அதற்குப் பின்னால், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டி, எங்கள் காகிதச் சங்கு. பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளுக்கு அத்தை அதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு மருமவ செஞ்சதாக்கும். அவ கைக்கு இந்த ஊருல ஈடு கெடையாது, பாத்துக்கோ."

அண்ணன்காரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கை என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் தந்த காப்பியைச் சூடாகக் குடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டின இடம் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. பசை நான் காய்ச்சியது.