தொக்கு மேல போட்ட பழி

கடலப் பாக்கறதுக்குன்னு டிக்கெட் வாங்கிக் கடலுக்குப் போனது பட்டினப்பாக்கத்துல எங்க குடும்பம்தான் மொதல்ல இருக்கும். எம் பொண்ணு ஆபீஸ்ல வேல பாக்கறா. அவதான் அப்பனையும் ஆத்தாளையும் சொகுசுக் கப்பல்ல ஏத்தி உட்டா. எங்க ஊட்டுக்காரரு காலம் பூரா ஃபைபர் போட்ல போய் வல போட்டவரு. "இன்னா கூத்துமே இது"ன்னு சிரிச்சிக்கினே ஏறுனாரு.

நான் சும்மா போவேனா? ஒரு பாட்டில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு எடுத்துக்கினு போனேன். நல்லதாப் போச்சு. கப்பல் சாப்பாட்டுல எல்லாத்துலயும் சீஸு, ஒண்ணுத்துலயும் காரம் கெடயாது. எங்க டேபிள்ல தி.நகர் அம்மா ஒருத்தங்க குந்திக்கினு இருந்தாங்க. வாசன புடிச்சு, "கொஞ்சம் குடுங்களேன்"னு வாங்கி, சாதத்துல பெசஞ்சு, வெரல நக்கி நக்கித் துன்னாங்க. பாட்டிலு பக்கத்து டேபிளுக்கும் போயிட்டு வந்துது. எனக்குப் பெரும தாங்கல, எம் மீன் கடைக் கதையெல்லாம் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் கப்பலே நாறிப் போச்சு. லிஃப்ட்டாண்ட ஒருத்தர் வாந்தி எடுக்கறாரு, படிக்கட்டுல ஒருத்தர் வயித்தப் புடிச்சிக்கினு கக்கூசுக்கு ஓடறாரு. கப்பல் ஆளுங்க மூக்க மூடிக்கினு எங்க பாத்தாலும் மருந்து தெளிச்சிக்கினு கீறாங்க. தி.நகர் அம்மாவுக்கும் புடுங்கிக்கிச்சு. சாப்பாட்டு ஹாலுக்கு வந்து, அத்தினி பேரும் கேக்கறா மாதிரி கத்துனாங்க.

"இந்த மீன்காரம்மா குடுத்த கருவாட்டாலதான் எல்லாருக்கும் வந்திருக்கு!"

ஒடம்பெல்லாம் எரிஞ்சுது எனக்கு. மீன்காரம்மாதான், நான் இல்லேன்னனா? அத்த என்னமோ நோய் பேரு மாதிரி சொன்னாங்க பாரு, அதான் தாங்கல. சொன்னதோட உட்டாங்களா, போன தூக்கி என் மூஞ்சியையும் பாட்டிலையும் வீடியோ வேற புடிச்சாங்க. அந்தக் கப்பல்ல முக்காவாசிப் பேரு மயிலாப்பூரு, மந்தைவெளி, அடையாறு. எங்கிட்ட மீன் வாங்கறவங்களும் அந்தப் பக்கந்தான். நடுக்கடல்ல டவர் இல்ல. கரையாண்ட வந்தா டவர் வரும், டவர் வந்தா வீடியோ போவும். அப்பால எங் கடைக்கு ஈ மட்டுந்தான் வரும்.

மடியில கனமில்லேன்னா வழியில இன்னா பயம்? பாட்டில தொறந்தேன். ஸ்பூன் கூட எடுக்கல. அங்கியே, எல்லார் முன்னாடியும் கையால அள்ளி வாயில போட்டேன். "நல்லா பாருங்க, இதயும் புடிங்க"ன்னு சொல்லிக்கினே வெரல சப்புனேன். அவங்க போன உள்ள வெச்சிட்டாங்க.

நடு ராத்திரி எனக்கும் புடுங்கிக்கிச்சு. மாதாவே, அந்த வயித்து வலி எதிரிக்கும் வரக் கூடாது.

ஊட்டுக்காரரு ரூம் கதவ சாத்துனாரு. "மூச்சு உடாத. வெளிய தெரிஞ்சா தொக்குதான்னு முடிவே கட்டிடுவாங்க"ன்னாரு. அவரு சொன்னது நெசந்தான். ஆனா மறச்சிட்டு நான் வெளிய போய், நான் தொட்ட படிக்கட்டுக் கம்பிய ஒரு கொழந்த தொட்டு அதுக்கும் வந்துதுன்னா? அப்போ அந்தம்மா போட்ட பழிய நானே நெசமாக்கிடுவேன். ரூம்ல இருந்த கப்பல் போன எடுத்து டாக்டரக் கூப்ட்டேன்.

டாக்டர் நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு. என்னப் பாத்து, நடந்ததெல்லாம் கேட்டுட்டு, "அம்மா, இது வைரஸ். கைலேருந்து வாய்க்குப் போறது. மொதல்ல படுத்தவங்க ஏறும்போதே இதோட ஏறியிருக்காங்க, அவங்க உங்க தொக்கக் கண்ணால கூடப் பாக்கல. நீங்க படிக்கட்டுக் கம்பியப் புடிச்ச கையக் கழுவாம வாயில வெச்சீங்களே, அதான் வென"ன்னுச்சு.

வெக்கமாப் போச்சு. கை கழுவாதது என் தப்பு, ஒத்துக்கறேன். தொக்கு இன்னா பண்ணுச்சு?

"என்னாண்ட ஏம்மா சொல்ற? எனக்குத் தெரியும் என் தொக்கு. அவங்களாண்ட சொல்லு"ன்னேன். கேப்டனக் கேக்கணும்னு போயிடுச்சு.

காலைல கப்பல் கரைய நெருங்கிக்கினு கீது. நோயாளிங்க மொதல்ல எறங்கணும், மத்தவங்க அப்பாலன்னு சொல்ல ஒரு வெள்ளச் சட்ட ஆபீசரும் டாக்டர் பொண்ணும் வந்தாங்க. நான் கட்டில்ல குந்திக்கினேன்.

எங்க குப்பத்துல ஒரு வழக்கம் கீது. ஒருத்தி மேல நாலு பேரு முன்னாடி பழி போட்டுட்டு, ஊட்டுக்குள்ள வந்து காதோட மன்னிப்பு கேட்டா செல்லாது. ஊர்க் கூட்டத்துல, எல்லாரும் குந்திக்கினு இருக்கசொல்ல, வாயத் தொறந்து எடுக்கணும். சபையில போட்டத சபையிலதான் எடுக்கணும்.

"மைக்ல சொல்லுங்க, எறங்கறேன். சொல்லலேன்னா கப்பல் இங்கியே நிக்கட்டும்."

ஆபீசரு இங்கிலீஷ்ல கெஞ்சுனாரு. லேட் ஆவுதாம். ஆவட்டுமே! ஊட்டுக்காரரு பையத் தோள்ல மாட்டிக்கினு, "வுடுமே, ஊரு வாய மூட முடியுமா?"ன்னாரு.

"மூட வாணாம். தொறந்த வாயி திருப்பிச் சொல்லட்டும். உனக்கு அவசரம்னா குதிச்சு நீந்திப் போ."

டாக்டர் பொண்ணு சிரிப்ப அடக்கிக்கினு ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல ஸ்பீக்கர் கரகரன்னுச்சு. மொதல்ல இங்கிலீஷ். நான் நவுரல. அப்பால அந்தப் பொண்ணு கொரலு, தமிழ்ல, நிறுத்தி நிதானமா வந்துது. "இது கை வழியாப் பரவுற வைரஸ். பயணி ஒருத்தர் கொண்டு வந்த கருவாட்டுத் தொக்குக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

எனக்குக் கண்ணு தளும்பிடுச்சு. அழல, தளும்புச்சு, அவ்ளோதான்.

எதிர் ரூம் கதவு தொறந்துது. தி.நகர் அம்மா. மூஞ்சி வெளுத்துப் போய், கதவப் புடிச்சிக்கினு நின்னாங்க. பாவமாத்தான் இருந்துது. அவங்க கையில இருந்த போனு டிங் டிங்னு அடிக்க ஆரம்பிச்சுது. டவர் வந்துடுச்சு.

"போலாமா?"ன்னாரு ஊட்டுக்காரரு.

"இரு"ன்னேன். ஆபீசரப் பாத்து வெரல தூக்குனேன். "ஒன்ஸ் மோர்! இந்த வாட்டி இந்தம்மா அதயும் வீடியோ எடுக்கட்டும்."