நானாவுக்குக் கிடைத்த ஏச்சு

இரத்தோட்டை மிளகு அரைக்கும் தொழிற்சாலையில், சாப்பாட்டு மண்டபத்திலிருந்து ஒருநாள் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர்கள் சிரித்தது ஸ்டோர் நானாவுக்காக.

பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன் நான். என் வகுப்பில் திரையில் படம் ஓடும். முன்வரிசை கொட்டாவி விடும், பின்வரிசை அந்தச் சிரமமும் படாமல் தூங்கும். "பயிற்சியத் திருத்துங்க, இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார் மேனேஜர். நான் இன்னும் கொஞ்சம் படங்களைச் சேர்த்தேன். அவரோ, களஞ்சியம் பார்த்த நானாவையும் ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

நானா மாத்தளை டவுன் முஸ்லிம் கடைக்காரக் குடும்பம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். வாய் சும்மா இருக்காது. வகுப்புக்கென்று மண்டபத்தில் நிறுத்திவைத்த பழைய மெஷினுக்குள் பெரிய துரைபோலக் கையை விடுவார். வேலைக்கு வரும் பெண்கள் அவரை ஏசித் தடுக்க வேண்டும், அதுதான் பாடம். அவர்கள் வெட்கப்பட்டு, "ஐயா, கொஞ்சம் கைய..." என்று இழுப்பார்கள்.

"நீங்க மரியாதையாச் சொல்லி முடியங்காட்டி என்ட கை தூளாப் போயிரும் புள்ள. ஏசுங்க!"

"கைய எடுடா!"

கூரைத் தகரம் அதிரும். எனக்கு வயிறு எரியும். மரியாதை கெட்டுப்போகிறது என்று மேனேஜரிடம் கோள் சொன்னேன். உண்மையில் கெட்டுப்போயிருந்தது என் தூக்கம்தான்.

பிறகு ஒருநாள், பெல்ட் பட்டி ஓடும் அரவை மெஷின் பக்கத்தில் நான் ஒட்டிய எச்சரிக்கைத் தாள் கழன்று ஆடியது. என் அழகான தாளாயிற்றே! எட்டி அழுத்தப் போனேன். நீளக் கைச்சட்டை.

"கைய எடுடா!"

கையை இழுத்தேன்; மெஷினும் நின்றது. சிவப்புப் பொத்தானில் கைவைத்தபடி, என்னிடம் நிமிர்ந்துகூடப் பேசாத மிளகு புடைக்கும் அக்கா நின்றிருந்தார். "மன்னிச்சிருங்க ஐயா, வாயில வந்திருச்சுங்க." சட்டைக் கையின் பொத்தானைப் பட்டி கொண்டுபோயிருந்தது. உயிர் திரும்பியதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு: பாவி, கத்தியதும் நானா பழக்கிய வசனத்தை!

பயிற்சி நானாவிடம் போயிற்று. இப்போது அவர் வேலையை விட்டு டவுனில் கடையோடு இருக்கிறார். பயிற்சி மறுபடி என்னிடம். படங்களை மூட்டை கட்டிவிட்டேன். நின்ற மெஷினுக்குள் கையை விட்டு, "ஏசுங்க!" என்று நானே கெஞ்சுகிறேன். அவர்களும் கத்துகிறார்கள், கடமைக்கு.

போன கிழமை அந்த அக்காவிடமே கேட்டேன், சத்தம் ஏன் ஏறவில்லை என்று.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நானாவ ஏசுறப்ப ஒரு பாசம் இருந்திச்சுங்க."