பிளந்த எஞ்சின்

எங்கள் யார்க்‌ஷயர் தெருவில் ஆஸ்பெர்ட் த்வெயிட் மனைவியைத் தொட்டதைவிடத் தன் 1926ஆம் வருஷத்துக் காரைத் துடைத்ததுதான் அதிகம். கடுங்குளிரில் எஞ்சின் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது உறைந்து இரும்பையே பிளந்துவிடும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனைவி ஹில்டா அதை மறந்துவிட்டார். எஞ்சின் பிளந்தது.

“தேறாதுங்க, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க,” என்றார் மெக்கானிக்.

“எதுக்கு? இவ நாற்காலிக்கு எதிர்ல வை. தினம் அதைப் பாத்துக்கிட்டே டீ குடிக்கட்டும்,” என்றார் ஆஸ்பெர்ட்.

பல வருஷம் ஹில்டா அப்படித்தான் குடித்தார். அந்தப் பாவி மனுஷன் ஒரு நாள்கூட விடவில்லை. பிறகு ஆஸ்பெர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து, கைகாலும் பேச்சும் போயின.

பக்கத்து வீட்டுக்காரனான நான் கேட்டேன்: “ஹில்டாக்கா, இப்பவாவது அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுடலாமா?”

“வேண்டாம்ப்பா. அவரு நாற்காலிய அதுக்கு நேரா திருப்பி வை. பாத்துக்கிட்டே டீ குடிக்கட்டும்.”