பட்டியலின் தலையில் ஒரு வரி

திண்டிவனத்தில், பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். முதலாளி, ஒரு புரோகிராமர், நான், அவ்வளவுதான் ஆட்கள். மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, டி.சி. எல்லாவற்றையும் எங்கள் மென்பொருள் அச்சடித்துத் தரும். தராத நாட்களில் மரக்காணத்திலிருந்தும் கூட்டேரிப்பட்டிலிருந்தும் பள்ளி கிளார்க்குகள் எனக்குப் போன் செய்வார்கள். பிரிண்டரின் சுவிட்சைப் போடாமலே என்னைத் திட்டியவர்கள் உண்டு. நானும் லேசுப்பட்டவள் இல்லை, சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

நான் உண்டாகியிருப்பது தெரிந்ததும் முதலாளி கவலைப்பட்டார். எனக்காக அல்ல, அந்தப் போனுக்காக.

"நீ லீவுல போயிட்டா இவங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது? எல்லாத்தையும் எழுதி வெப்சைட்ல போட்டுடு" என்றார்.

எழுதினேன். ஒரு சந்தேகத்துக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் எல்லாத் தலைப்புகளும் வரிசையாக இருக்கும், எதை அழுத்தினாலும் அந்தப் பக்கம் திறக்கும். பட்டியலை ஓரிடத்தில் எழுதிவிட்டு எல்லாப் பக்கங்களிலும் காட்டும் வித்தை அப்போது எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டுப் பக்கங்களிலும் தனித்தனியாக ஒட்டினேன்.

பட்டியலின் தலையில் ஒரு வரி போடச் சொன்னார் முதலாளி: "மேடம் பிரசவ விடுப்பில் இருக்கிறார். சந்தேகங்களுக்குக் கீழே பார்க்கவும்." விடுப்புக்கு இன்னும் நாளிருந்தது. இப்போதிருந்தே பழகட்டும் என்றார். எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது. சாயங்காலம் விழுப்புரம் திரும்பும் பாசஞ்சரில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆறாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

"அந்தப் பேச்சே வாணாம், ஆவறதைப் பாரு" என்றார் மாமியார். கணவர் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கும் அழுகை வரவில்லை. சோறு போட்டால் தின்றேன், படு என்றால் படுத்தேன். மரத்துப்போயிருந்தேன், வேறெப்படிச் சொல்வது.

இருபதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார். எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த வரியைப் பற்றித்தான். அதைப் படித்த கிளார்க்குகள் குழந்தையைப் பற்றிக் கேட்பார்கள். யாரும் கேட்கக் கூடாது, அதற்குமுன் அதை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன், வரியை அழித்தேன், மறுபடி ஏற்றினேன். மொத்தமாக மாற்ற வழியிருக்கிறது என்று புரோகிராமர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பரவால்லங்க, நானே பண்ணிக்கினு இருக்கேன்" என்றேன்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டும் ஆயிற்றா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பின் யாரும் கேட்கவில்லை. மே மாதம் வந்தது. டி.சி. பக்கத்தை மற்ற மாதங்களில் ஒருவரும் திறப்பதில்லை, பிள்ளைகள் பள்ளி மாறும் மே மாதத்தில்தான் அதற்கு வேலை. கூட்டேரிப்பட்டுப் பள்ளியின் கிளார்க் அக்கா போன் செய்தார்.

"இன்னா மேடம், இதுல லீவுன்னு போட்டிருக்கு, நீங்களே போன் எடுக்குறீங்க? கொழந்தை பொறந்துடுச்சா? பையனா, பொண்ணா?"

அந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டிருக்கிறேன். என் மேலேயே எரிச்சல் வந்தது. ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் பையனா பொண்ணா என்று வீட்டில்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் நானாக நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"பொண்ணு, அக்கா" என்றேன்.

"அட, மகாலட்சுமி வந்திருக்கா! பேரு வச்சாச்சா?"

"இன்னும் வைக்கலக்கா."

"ஜல்தி வைங்க மேடம், பொண்ணுக்குப் பேரா பஞ்சம்!"

டி.சி. எப்படி எடுப்பது என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லி முடித்தேன். போனை வைத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து, அவள் போன பிறகு முதல்முறையாக அழுதேன்.