ரசீது கொடுத்தால் தருகிறேன்

நான் போலீசில் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. எழுபதுகளின் பின்பாதி. மதுவிலக்கு நடப்பில் இருந்ததால், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகும் சாலையில் ஒரு திருப்பத்தில் செக்போஸ்ட் போட்டிருந்தார்கள். குறுக்கே ஒரு மூங்கில், ஒரு கீற்றுக் கொட்டகை, ஏட்டய்யா ஒருவர், நான். வண்டிகளை நிறுத்திச் சாராயம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தையும் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

என் ஊர் கோவளம். எங்கள் வீட்டில் வலையும் துடுப்பும்தான். பயிற்சிக்குப் போன பிறகுதான் துப்பாக்கியைக் கையால் தொட்டேன். துப்பாக்கி வைத்திருப்பவன் பெரிய பண்ணைக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருடனாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த அறிவு. லைசென்ஸ் வைத்திருப்பவருக்குச் சாலையில் ஏதாவது உரிமை உண்டா என்று நான் யோசித்ததே இல்லை.

தை முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர் நிறைய மல்லாட்டை மூட்டைகள், நிலக்கடலைதான். அவற்றின்மேல் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று.

ஏட்டய்யா வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"ஐயா, இது துப்பாக்கி. மருந்து போடல. லைசென்ஸ் கீது. நான் கீழ எறங்கி வந்து காட்டட்டுமா?"

துப்பாக்கியை மூட்டைமேலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு இறங்கினார். டிராக்டர் ஓட்டிவந்தவர் அவருடைய தம்பி. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா துப்பாக்கி?" என்றார் ஏட்டய்யா.

"பன்னி வருது ஐயா. காட்டுப் பன்னி. ஒரு ராத்திரி எறங்குச்சின்னா அரைக் காணி மல்லாட்டைய நோண்டிப் போட்டுடும்."

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் லைசென்ஸ் புத்தகம். ஏட்டய்யா என்னை மேலே ஏறி எண்ணைச் சரிபார்க்கச் சொன்னார். வேட்டியைப் பிரித்தேன். குழலின் வாய்வழியே வெடிமருந்தை இடித்து நிரப்புகிற ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலில் வெட்டியிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தேன். புத்தகத்திலும் அதே எண். கெடுவும் முடியவில்லை.

அத்தோடு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் ஏட்டய்யாவுக்கு விட மனமில்லை. அந்த வாரம் எங்கள் பக்கம் ஒன்றுமே பிடிபடவில்லை என்று மேலிடத்தில் திட்டு வாங்கியிருந்தார்.

"எலெக்சன் டைம். துப்பாக்கிய இங்க வெச்சிட்டுப் போ. அப்பால வந்து வாங்கிக்கோ."

"ஸ்டேஷன்ல ஒப்படைக்கத்தான் ஐயா எடுத்துகினு போறேன். எலெக்சனுக்கு ஒப்படைக்கச் சொல்லி நோட்டீசு வந்து கீது, பாருங்க. இங்கயே குடுக்கச் சொன்னா குடுக்கறேன். ரசீது குடுப்பீங்களா?"

கொட்டகையில் ரசீதுப் புத்தகம் ஏது? ஏட்டய்யாவின் குரல் ஏறியது. "போலீசையே நம்ப மாட்டியா நீ?"

"உங்கள நம்பறேன் ஐயா. நாளிக்கு உங்கள வேற ஊருக்கு மாத்திட்டா நான் யாரக் கேப்பேன்? புக்குல எம்பேரு கீது. தொலஞ்சி போச்சின்னா ஜெயிலுக்குப் போறது நான்தான?"

"அக்கா, குடுத்துட்டு வாக்கா, நமக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று தம்பி கெஞ்சினார்.

"நீ சும்மா இரு. வம்பு இல்லாம இருக்கணும்னுதான் கேக்கறேன்."

பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அத்தனை பேர் பார்க்க, ஏட்டய்யா என்னைப் பார்த்து, "எடுத்துக் கொட்டாயில வைடா" என்று கத்தினார்.

நான் துப்பாக்கியின்மேல் கை வைத்தேன். அந்தப் பெண் என்னைத் தடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாகக் கேட்டார்.

"தம்பி, தாராளமா எடு. அதுக்கு முன்ன உன் நம்பரு இன்னான்னு சொல்லு. எழுதி வெச்சிக்கறேன்."

சட்டையில் குத்தியிருந்த என் நம்பர் அப்போது சுட்டது போலிருந்தது. அவர் குரலில் மிரட்டல் துளியும் இல்லை. கடையில் சாமான் வாங்கும்போது எடை கேட்கிற மாதிரிதான் இருந்தது. என் கை தானாகப் பின்வாங்கிக்கொண்டது. "ஏட்டய்யா, புக்குல எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அன்று நான் காட்டிய தைரியம் அவ்வளவுதான்.

ஏட்டய்யாவுக்கு இறங்கி வர ஒரு வழி தேவைப்பட்டது. அதையும் அந்தப் பெண்ணே கொடுத்தார்.

"இந்தப் போலீசுத் தம்பிய எங்கூட ஸ்டேஷனுக்கு அனுப்புங்க ஐயா. அது முன்னாலயே ஒப்படைக்கறேன். உங்களுக்கும் கவல இல்ல."

ஏட்டய்யா பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, "போய்த் தொலைங்க" என்றார். மூங்கில் உயர்ந்தது.

மூட்டைகள்மேல் அவருக்கு எதிரே உட்கார்ந்து போனேன். சட்டம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன தேர்தலின்போது அவருடைய கணவர் ரசீது வாங்காமல் யாரோ ஒரு போலீஸ்காரரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டாராம். ஏழு மாதம் அலைந்து திரும்பக் கிடைத்தபோது அதன் மர அடிக்கட்டை விரிசல் விட்டிருந்ததாம். கணவர் காய்ச்சலில் இறந்த பிறகு, பன்றித் தொல்லை விடவில்லை என்று இவரே கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போட்டு, விசாரணைக்கு நாலு தடவை போய், தன் பெயரில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். புத்தகத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்த நிபந்தனைகளை, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொடுத்து மூன்று முறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாராம்.

"அதுல போலீசு கேட்டா காட்டணும்னு கீது. நான் காட்டாம இருந்தா தப்பு என்னுது. காட்டிட்டேன்னா அப்பால எனக்கு இன்னா பயம்?"

எத்தனை பன்றி சுட்டீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "ஒண்ணு கூட இல்ல தம்பி. வானத்தப் பாத்து ஒரு வெடி. சத்தத்துக்கே ஓடிப் போயிடும்."

ஸ்டேஷனில் ரைட்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி ரசீது எழுதினார். அந்தப் பெண் அதை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவசரப்படவே இல்லை.

"ஐயா, துப்பாக்கி நம்பர்ல இங்க நாலு இல்ல. ஒம்போது."

ரைட்டர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்பதுதான். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"அடிக்கட்ட நல்லா கீதுன்னும் ஒரு வரி எழுதிடுங்க."

ரைட்டர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதினார். ரசீதை மடித்து அதே பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் கும்பிட்டுவிட்டு, மல்லாட்டை விற்க அவர் போய்விட்டார்.

தேர்தல் முடிந்து அவர் துப்பாக்கியை வாங்க வந்தபோது நான் ஸ்டேஷன் வாசலில் காவலுக்குப் பாரா நின்றிருந்தேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. குழலுக்குள் பார்த்தார். அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தார். "சரியா கீது" என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ சாலைகளில், எத்தனையோ வண்டிகளை நிறுத்தியிருக்கிறேன். எதை எடுத்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்தேன். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். இதற்கெல்லாம் நேரம் ஏது என்றார்கள். குரலை உயர்த்தாமல், கும்பிடு போடவும் மறக்காமல், தனக்கு உரியதைக் கேட்டு நின்ற ஒருவரை நான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்பதை அவர்களிடம் எப்படி விளக்குவது? சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிடுவேன்.